தோட்டம் போட எதற்கு முதுநிலைப் படிப்பு?

கேட்டவர் ஒரு அப்பா. மகள் பி.ஆர்க். முடித்துவிட்டாள், அடுத்து லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில், அதாவது நில வடிவமைப்பில், முதுநிலை படிக்கப் போகிறேன் என்கிறாள். அவள் மேஜைக்கு மேலே யூ கோங்ஜியான் என்ற சீன நில வடிவமைப்பாளரின் படம் ஒட்டியிருக்கிறது. ‘தோட்டம் போட எதற்கு இவ்வளவு படிப்பு? அந்த மனிதர் அப்படி என்ன செய்துவிட்டார்? அவர் சொன்ன ஸ்பாஞ்ச் சிட்டியிலேயே, மழையைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும் என்ற நகரத்திலேயே, வெள்ளம் வந்து ஆட்கள் செத்தார்களே?’ என்று மூன்று கேள்விகள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: இந்தத் தொழில் கட்டடம் முடிந்த பிறகு ஒட்டுகிற அலங்காரமா, இல்லை அதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலையா?

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். 23 வருடமாகச் சென்னையில் இதே தொழில். யூவின் வேலைகளில் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று, பேங்காக்கில். மற்றவை வரைபடங்கள், அவருடைய உரைகள், விருதுகளோடு வெளிவந்த விவரங்கள் வழியாகத் தெரிந்தவை. வெள்ளக் கணக்கு என் துறை இல்லை. அதற்கென்று படித்தவர்களிடம் எண்களை வாங்கி வைத்துக்கொண்டு மண்ணின் மட்டத்தைக் குறிப்பவன் நான்.

யூ என்பது குடும்பப் பெயர், சீன வழக்கப்படி முன்னால் வரும். 1963-ல் செஜியாங் மாகாணத்தில், ஜின்ஹுவா பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எருமை மேய்த்த பையன். பத்து வயதில் ஊர் ஓடையில் வெள்ளம் வந்தபோது வேடிக்கை பார்க்கப் போய் உள்ளே விழுந்திருக்கிறார். கரையோர வில்லோ மரங்களும் நாணலும் தண்ணீரின் வேகத்தை மட்டுப்படுத்தியிருந்ததால் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். இன்றைய கான்கிரீட் கரையாக இருந்தால் அன்றே போயிருப்பேன் என்று பேட்டிகளில் சொல்வார். பெரிய மனிதர்களின் சிறுவயதுக் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்பேன். ஆனால் இந்தக் கதையில் தண்ணீரின் கணக்கு சரியாக இருக்கிறது: செடி அடர்ந்த கரையில் ஓட்டம் தளரும், வழவழப்பான சுவரில் சீறும்.

1980-ல் பெய்ஜிங் வனவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு ஹார்வர்டில் கார்ல் ஸ்டைனிட்ஸிடம் படித்து 1995-ல் முனைவர் பட்டம். ஆய்வின் சாரத்தை என் வார்த்தையில் சொல்வதானால், ஒரு நிலப்பரப்பு முழுவதையும் காப்பாற்ற முடியாது. எந்தெந்த இடத்தை இழந்தால் தண்ணீரின் வழியும் உயிர்களின் வழியும் அறுந்துபோகுமோ அந்தக் கண்ணிகளை முதலில் கண்டுபிடித்துப் பிடித்துவைத்துக்கொள், மிச்சத்தில் ஊரைக் கட்டு. கலிஃபோர்னியாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு 1997-ல் ஊர் திரும்பினார். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை, 1998-ல் சொந்த நிறுவனம். அதன் பெயர் டூரன்ஸ்கேப். ‘டூ’ என்றால் மண், ‘ரென்’ என்றால் மனிதர். இரண்டும் சேர்ந்தால் நம் ஊரில் ‘பட்டிக்காட்டான்’ என்பது போன்ற சாயலும் அந்தச் சொல்லுக்கு உண்டு. தெரிந்தேதான் வைத்தார்.

அவர் திரும்பி வந்த சமயம் சீன நகரங்கள் தாறுமாறாக வளர்ந்துகொண்டிருந்தன. ஆற்றுக்கெல்லாம் கான்கிரீட் சுவர், நகரச் சதுக்கத்தில் பளிங்கு, அதைச் சுற்றி வெட்டி வெட்டி வளர்த்த புல்வெளி. இதைத் திட்ட அவர் எடுத்துக்கொண்ட உவமை பாதம் கட்டும் வழக்கம். ஏறக்குறைய ஆயிரம் வருடம் சீனப் பெண்களின் பாதத்தை ஒடித்துக் கட்டிக் குறுக்கினார்கள். நடக்க உதவாத கால்தான் அழகான கால். நகரங்களையும் அப்படித்தான் கட்டிப்போட்டிருக்கிறோம், தண்ணீர் உறிஞ்சாத, எதுவும் விளையாத, பறவை வராத நிலத்தைத்தான் அழகு என்கிறோம். எனக்குப் பெரிய பாதம் வேண்டும் என்றார். பேச்சில் நாடகத்தனம் ஜாஸ்திதான். ஆனால் பேசியதை மண்ணில் செய்து காட்டினார் என்பதால் அதை மன்னிக்கலாம்.

முதலில் கவனம் பெற்றது சோங்ஷான் நகரத்துக் கப்பல் பட்டறை. 1950-களில் தொடங்கிய பட்டறை, 1999-ல் திவாலாகிவிட்டது. 11 ஹெக்டேர். துருப்பிடித்த கிரேன், தண்டவாளம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போடாமல் அங்கேயே வைத்துக்கொண்டார், காட்டுப் புல்லையே செடியாக நட்டார். எனக்குப் பிடித்தது அதுவல்ல. அங்கே ஆற்றோரம் வயதான ஆல இன மரங்கள் வரிசையாக நின்றன. வெள்ள விதிப்படி அந்த இடத்தில் ஆற்றின் அகலத்தை 60 மீட்டரிலிருந்து 80 மீட்டராக்க வேண்டும். அப்படியென்றால் மரங்கள் போக வேண்டும். நம்மில் பலர் இந்த இடத்தில் மனு கொடுப்போம், அல்லது மரத்தைப் பெயர்த்து நடுகிறோம் என்று போட்டோ எடுத்துக்கொள்வோம். யூ மரங்களுக்குப் பின்னால், நிலத்தின் பக்கம், இன்னொரு கால்வாயை வெட்டினார். ஆற்றுக்கு வேண்டிய அகலம் கிடைத்துவிட்டது, மரங்கள் தீவில் நின்றுகொண்டன. ஒரு கோடு எங்கே போடுவது என்பதுதான் இதில் முழு வேலையும். அந்தக் கோட்டைப் போடத் தண்ணீர் மட்டம், வேர் போகும் தூரம், கரை சரியாத சரிவு மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மகள் படிக்கப் போகும் படிப்பு இதுதான்.

அப்புறம் ஷென்யாங்கில் ஒரு பல்கலைக்கழக வளாகம். காசும் இல்லை, நேரமும் இல்லை. புல்வெளி போட வேண்டிய இடத்தில் நெல் விதைத்துவிட்டார். வரப்புதான் நடைபாதை, மழைநீர்தான் பாசனம், நடவும் அறுப்பும் மாணவர்கள். விளைந்த அரிசியைப் பொட்டலம் கட்டி விருந்தினருக்கு நினைவுப் பரிசாகக் கொடுக்கிறார்கள். சின்ஹுவாங்டாவோவில் ஒரு ஆற்றங்கரையில் ஏறக்குறைய எதையுமே செய்யாமல், இருந்த புதரை அப்படியே விட்டுவிட்டு, 500 மீட்டர் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு பெஞ்சை மட்டும் வளைத்து வளைத்து ஓடவிட்டார். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த படம் அது. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஹார்பினில் உள்ள சுன்லி பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய முறை முழுவதும் அதில் இருக்கிறது. புதிதாக எழும்பும் நகரப் பகுதி, அதன் நடுவில் 34 ஹெக்டேர் சதுப்பு, நான்கு பக்கமும் சாலை. சாலை வந்ததால் தண்ணீர் வரத்து நின்று சதுப்பு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருக்களிலோ கோடை மழையில் தண்ணீர் தேங்கும். வழக்கமான ஆள் என்றால் நடுவில் தூர் வாரி ஏரியாக்கிப் படகு விட்டிருப்பார். இவர் நடுச் சதுப்பைத் தொடவே இல்லை. ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் குழி வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே மேடாகக் குவித்துக்கொண்டே போனார். ஆழமும் ஆழமில்லாததுமாக ஒரு குளச் சங்கிலி. தெருத் தண்ணீர் முதலில் இந்தக் குளங்களுக்கு வரும், அழுக்கும் வண்டலும் அங்கே படியும், தெளிந்த நீர் மெதுவாக நடுவே இறங்கும். மேடுகளில் பிர்ச் மரம், அவற்றின் ஊடே உயரத்தில் ஒரு நடைபாலம். மண்ணை வெளியே ஏற்றிப் போகவில்லை, வெளியிலிருந்து கொண்டுவரவும் இல்லை. சைட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரி வாடகையில்தான் பாதி பட்ஜெட் கரையும்.

2010 ஷாங்காய் எக்ஸ்போவுக்காகச் செய்த ஹௌடான் பூங்காவில் எண்ணும் கிடைக்கிறது. ஹுவாங்பு ஆற்றோரம் பழைய தொழிற்சாலை நிலம், 14 ஹெக்டேர், 1.7 கிலோமீட்டர் நீளம். ஆற்று நீரை வயல்களைப் போன்ற படிகளில் இறக்கி, நாணலுக்கும் நீர்ச்செடிகளுக்கும் ஊடாகவிட்டு, நாளொன்றுக்கு 2,400 கன மீட்டர் சுத்தம் செய்கிறது என்பது நிறுவனம் வெளியிட்ட கணக்கு. நம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 200 லோடு. குடிக்க முடியாது, மற்ற உபயோகங்களுக்கு ஆகும்.

இதெல்லாம் சுலபமாகத் தெரியலாம். சுலபம் இல்லை என்பதற்கு என் கதை ஒன்று. ஒரு வளாகத்தில் கார் நிறுத்துமிடத்தின் மழைநீர் முழுவதும் பக்கத்திலிருக்கும் பள்ளத் தோட்டத்துக்குள் இறங்குகிற மாதிரி வரைந்தேன். பள்ளம் சரியாக வெட்டினார்கள், கோரையும் கல்வாழையும் நன்றாகப் பிடித்தன. கடைசி வாரத்தில் தளம் போட்டவர்கள், பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று ஓரக்கல்லை இடைவெளி இல்லாமல், 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரிசையாகப் பதித்துவிட்டார்கள். வரைபடத்தில் இடைவெளி காட்டியிருந்தேன், ஆனால் போய் நின்று பார்க்கவில்லை. ஐப்பசியில் முதல் பெருமழை. கார்கள் முழங்கால் தண்ணீரில், தோட்டம் தன்மேல் பெய்த மழையை மட்டும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. காவலாளி ஒரு கடப்பாரையை எடுத்து வந்து இரண்டு கல்லை நெம்பினார், அரை மணி நேரத்தில் வடிந்தது. வடிவமைப்பாளன் நான், தீர்வு அவருடையது. அன்றிலிருந்து ஓரக்கல் பதிக்கும் நாளன்று சைட்டில் நிற்காமல் இருந்ததில்லை.

யூவின் தொழில் வாழ்க்கையில் வரைபடத்துக்குச் சமமான பங்கு பேச்சுக்கும் உண்டு. மேயர்களுக்கு வகுப்பெடுத்தார், அவர்களை மனதில் வைத்தே ஒரு புத்தகம் எழுதினார், மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 2012 ஜூலையில் பெய்ஜிங்கில் ஒரே நாள் மழையில் 79 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் காது கொடுத்தார்கள். 2013 கடைசியில் ஷி ஜின்பிங் வாயிலிருந்தே ஸ்பாஞ்ச் சிட்டி என்ற சொல் வந்தது, 2015-ல் 16 நகரங்களில் முன்னோட்டமாக ஆரம்பித்தார்கள். 2030-க்குள் நகரப் பரப்பில் 80 சதவீதம், மழையில் 70 சதவீதத்தை உறிஞ்சவோ பயன்படுத்தவோ வேண்டும் என்பது இலக்கு. ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் தேசக் கொள்கை வரைக்கும் போனது எங்கள் தொழிலில் அபூர்வம். அவர் சொல்லிவந்த வழி மூன்றே வரி: விழுந்த இடத்திலேயே பிடி, ஓடுவதை மெதுவாக்கு, கடைசியில் சேருமிடத்தில் தண்ணீருக்கு இடம் கொடு.

சரி, வெள்ளம். 2021 ஜூலை 20 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்து ஜெங்ஜோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. மூன்று நாளில் 617. அந்த ஊரின் வருட சராசரியே சுமார் 640-தான். சுரங்க ரயிலுக்குள் மட்டும் 14 பேர் இறந்தார்கள், மாகாணம் முழுக்க இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 398. ஸ்பாஞ்ச் சிட்டிக்குக் கோடிக்கணக்கில் செலவழித்த ஊர் அது. ஆகவே யூ தோற்றார் என்று ஒரு சாரார், இவ்வளவு மழைக்கு யார்தான் என்ன செய்ய முடியும் என்று இன்னொரு சாரார்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 200 மில்லிமீட்டர் என்றால் 2,000 கன மீட்டர், அதாவது 20 லட்சம் லிட்டர். அதை ஒரு மீட்டர் ஆழத்தில் பிடித்து நிறுத்த, நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு குளமாக இருக்க வேண்டும், அதுவும் மழைக்கு முன்பு காலியாக. எந்த நகரம் விட்டுக்கொடுக்கும்? பூங்காவையும் தெருவோரப் பள்ளங்களையும் வைத்து அந்த ஒரு மணி நேரத்தைச் சமாளித்திருக்க முடியாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். வருடம் நாலைந்து தடவை பெய்யும் சாதாரண பெருமழையில் தெருவில் தண்ணீர் தேங்காமல் வைத்திருக்க முடியும் என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மழை எங்கே கோட்டைத் தாண்டும் என்பதில்தான் வல்லுநர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அதில் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை.

ஆனால் ஜெங்ஜோ பற்றிச் சீன அரசின் விசாரணை அறிக்கையில் ஒரு வரி உண்டு, அதை மகளிடம் அவசியம் காட்டுங்கள். ஸ்பாஞ்ச் சிட்டி என்ற கணக்கில் செலவான பணத்தில் உண்மையாகவே அந்த வேலைக்குப் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கு மேல் போனது அலங்காரத்துக்கும் பசுமைப்படுத்தலுக்கும். நீங்கள் கேட்டீர்களே, தோட்டம் போடுவதுதானே என்று. அந்த ஊர் நிர்வாகமும் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறது.

யூவின் மேல் எனக்கும் சில சந்தேகங்கள் உண்டு. ஸ்பாஞ்ச் சிட்டி என்பதை அவர் ஒருவரே கண்டுபிடித்ததாகச் செய்திகளில் எழுதுவது மிகை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு பெயர்களில் இதே வேலையை முன்பே செய்துகொண்டிருந்தார்கள், சிங்கப்பூரும் செய்தது. அவருடைய பங்கு, அதை ஆசிய விவசாயியின் வயல், வரப்பு, குளத்தோடு சேர்த்துப் பேசியதும், நாடளவுக்கு ஆக்கியதும். அப்புறம், நூற்றுக்கணக்கான திட்டங்கள் செய்த நிறுவனத்தின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே சமையல்காரரின் சாம்பார் மாதிரி இருக்கிறது: படிப்படியாகக் குளம், நடுவில் வளைந்த நடைபாலம், எங்காவது ஒரு சிவப்பு. திறப்பு விழா அன்று எடுத்த படங்களே அதிகம் உலவுகின்றன. நாணல் வருடா வருடம் அறுக்கப்படாவிட்டால், வண்டல் வாரப்படாவிட்டால், வடிகட்டும் குளம் சில வருடங்களில் மேடாகும். இது தத்துவ விஷயமே இல்லை, சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் விஷயம். இன்னொன்று, சீன நகரங்களில் நிலம் அரசினுடையது. ஒரு மேயர் தலையாட்டினால் ஆற்றுச் சுவரை உடைக்கலாம். அவருடைய சொந்த ஊர்ப் பக்கமான ஜின்ஹுவாவில் யான்வெய்ஜோ பூங்காவுக்காக அப்படித்தான் சுவரை எடுத்துவிட்டு, வெள்ளத்தில் மூழ்கி எழுகிற படிக்கட்டுக் கரை போட்டார். சென்னையில் அதே ஒரு கோட்டைப் போட எத்தனை பட்டாக்களைக் கடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னை மாநகராட்சியும் ஸ்பாஞ்ச் பார்க் என்ற பெயரில் பூங்காக்களுக்குள் குளம் வெட்டியது. நல்ல ஆரம்பம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி மழைக்குப் பதில் பூங்காவுக்குள் இல்லை. ஏரிக்கு ஏரி கலங்கல் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) வழியாகத் தண்ணீர் இறங்கிய பழைய சங்கிலியில் எங்கெங்கே வீடு கட்டினோம் என்பதில் இருக்கிறது. யூவின் முனைவர் ஆய்வு சொன்ன கண்ணிகள் என்பவை நமக்கு அந்த வரத்துக் கால்கள்தான்.

2025 செப்டம்பர் 23 அன்று பிரேசிலின் பாண்டனால் சதுப்பு நிலத்தில், ஆவணப் படம் எடுக்கப் போன இடத்தில், அவர் இருந்த சிறு விமானம் விழுந்தது. வயது 62. கூட இருந்த பிரேசில் படக்காரர்கள் இருவரும் விமானியும் இறந்தார்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. டெல்லி எஸ்.பி.ஏ. (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரி), அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், நம் அண்ணா பல்கலைக்கழகம் மூன்றிலும் முதுநிலைப் படிப்பு உண்டு. ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு 1972-ம் வருடச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு அது கிடையாது. நர்சரி வைத்திருப்பவரும் போர்டில் அப்படி எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொள்கிறார்கள். அதனால் முதல் சில வருடம் ‘மேடம், எந்தச் செடி வைக்கலாம்’ என்ற கேள்விதான் அதிகம் வரும், வருமானமும் கட்டடம் வரையும் தோழிகளைவிடக் குறைவாக இருக்கும். செடி பெயர் தெரிந்திருப்பது முக்கியம்தான். மட்டம் பார்க்கத் தெரிந்திருப்பது அதைவிட முக்கியம். சேரும் முன்பே ஒரு சர்வேயர் கூட ஒரு வாரம் வெயிலில் சுற்றச் சொல்லுங்கள், பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

முடிந்தால் பேங்காக்குக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். பென்ஜகிட்டி வனப் பூங்கா, முன்பு புகையிலை ஆலை இருந்த இடம், 2022-ல் திறந்தது, உள்ளூர் வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து யூவின் நிறுவனம் வரைந்தது, கட்டியது ராணுவத்தினர். நான் போனபோது மதியம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. குளத்துக்குள் சின்னச் சின்ன மண் திட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மரம், தாழ்ந்த திட்டுகளைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தில் கரையில் ஒரு கல் பதிக்கவில்லை, வெறும் மண் சரிவும் கோரையும். குடையை நட்டுப் பார்த்தேன், ஒரு ஜாண் வரைக்கும் சேறு. பழைய ஆலையின் கான்கிரீட்டை உடைத்துப் பாதைக்குப் போட்டிருந்தார்கள். தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி ஒருவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார், நான் அங்கே இருந்த ஒரு மணி நேரமும். கூட்டிப்போனால் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அங்குள்ள நடைபாலத்தில் நிழல் கிடையாது, அதை மட்டும் யூ யோசிக்கவில்லை.